கடைசியில் நடந்தவன்

நினெத் செந்தட்டிச் செடியை வெறுங்கையால் பிடித்து மேலே ஏறினாள்.

பிடித்த பிறகுதான் பார்த்தாள். அந்த இலை பட்டால் பெரிய பெரிய ஆம்பளைகளே கையை உதறிக்கொண்டு குதிப்பார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கை சிவந்து தடித்தது, அவ்வளவுதான். வேறு யாருடைய கையையோ பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அடுத்த வேரைப் பிடித்தாள்.

"ஏய், நில்லுடி! கொஞ்சம் மூச்சு விடு!" கீழேயிருந்து அப்பாவின் குரல்.

அவள் நிற்கவில்லை. சாந்தா மரியா மலையில் காலை வெயில் இருக்கிற வரைக்கும்தான் பாதை பாதையாக இருக்கும். உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே மேகம் இறங்கிவிடும். இறங்கிவிட்டால் நீட்டின கை தெரியாது. அதற்குள் ஐனோவைக் கண்டுபிடித்துக் கீழே கொண்டுவந்தாக வேண்டும். இந்த வீட்டிலிருந்து மலைக்குப் போய் மேகத்தில் மாட்டின ஒருவனை ஏற்கெனவே பலகையில் வைத்துத்தான் இறக்கினார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அப்பாவுக்கு முன்னால் அவள் ஐனோவிடம் போய்ச் சேர வேண்டும்.

காலையில் அம்மாதான் முதலில் பார்த்தாள். கஞ்சிக் கோப்பையோடு ஐனோவின் அறைக் கதவைத் தட்டியிருக்கிறாள். பதில் இல்லை. திறந்தால் படுக்கை மடித்துக் கிடக்கிறது. பெட்டி கட்டி மூலையில் தயாராக நிற்கிறது. ஆளைக் காணோம்.

"ஏங்க! புள்ளைய காணோங்க!" அம்மா தோஞா ஓபேலியா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு வான்கோழிகள் எல்லாம் பதிலுக்குக் கத்தின.

"பாத்ரூம்ல பாரு."

"பாத்துட்டேன். ஷூவையும் காணோம். அந்த மலைக்குப் போடுற ஷூ."

அப்பா தோன் அபெலினோ வாயில் வைத்த சோள ரொட்டியை அப்படியே தட்டில் வைத்தார். சரியாக அந்த நேரம் காரட் ஏற்றப் போகிற பிக்கப் வண்டி வாசலில் நின்றது. டிரைவர் தலையை நீட்டினான்.

"மாமா, உங்க வீட்டு வெள்ளைக்காரப் பொண்ணு மலைப்பக்கம் போகுது. தனியாவா போறேன்னு கேட்டேன். 'கடவுள் உங்களுக்குத் துணை'ன்னு எனக்கே ஆசீர்வாதம் பண்ணிட்டுப் போயிருச்சு. நல்லா பேசுது, சும்மா சொல்லக் கூடாது."

நினெத் தன் நீலக் கம்பளிச் சட்டையை எடுக்க ஆணிப் பக்கம் போனாள். சட்டை இல்லை. தேட நேரமும் இல்லை. அப்பாவின் பழைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, அவர் ஷூவுக்குக் கயிறு கட்டி முடிப்பதற்குள் தெருவைத் தாண்டியிருந்தாள்.

ஐனோ பின்லாந்துக்காரி. ஸ்பானிஷ் படிக்க வந்தவள். ஷேலா நகரத்து மொழிப்பள்ளிகளுக்கு வருகிற பிள்ளைகளை இப்படி வீடுகளில்தான் தங்க வைப்பார்கள். காலையில் பள்ளியில் ஓர் ஆசிரியை, ஒரு மாணவி, நடுவில் ஒரு மேஜை. மத்தியானத்துக்கு மேல் வீடுதான் பள்ளி. ஐனோ வந்தபோது அவளுக்கு "தண்ணீர்", "நன்றி", "கழிவறை" என்ற மூன்று சொல்தான் தெரியும்.

"ஐனோவா? ஆம்பளப் பேராட்டம் இருக்கே?" என்று அம்மா முதல் நாள் கேட்டதற்கு அவள் "நன்றி" என்றாள். நினெத்தின் அண்ணன் வில்மர் விழுந்து விழுந்து சிரித்தான்.

வில்மர்தான் அவளுடைய இரண்டாவது பள்ளிக்கூடம். சனிக்கிழமைகளில் வெளிநாட்டுப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துப் போகிற வழிகாட்டி அவன். சாப்பாட்டு மேஜையில் அவளுக்கு நல்ல வார்த்தை ஒன்றும் கெட்ட வார்த்தை ஒன்றும் கலந்து சொல்லிக்கொடுப்பான். ஒருநாள் அவன் சொல்லிக்கொடுத்ததை நம்பி, அம்மா இன்னொரு கரண்டி கறுப்பு பீன்ஸ் போட வந்தபோது ஐனோ மிகவும் பணிவாக, "அம்மா, என் வயிறு வெடிச்சா நீங்கதான் தைக்கணும்" என்றாள். அப்பாவே சிரித்துவிட்டார். அப்பா சிரிப்பது அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் மாதிரி.

அப்புறம் ஒரு சனிக்கிழமை ஐனோ மலையிலிருந்து தனியாக வீடு வந்து சேர்ந்தாள்.

அன்று சாயங்காலம் நினெத் கையில் ரொட்டிப் பையோடு வீடு திரும்பினாள். அவள் ஷேலாவில் ஒரு ரொட்டிக்கடையில் வேலை பார்ப்பவள். வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே அடுப்பங்கரையில் ஐனோ கால் முழுக்கச் சேறோடு உட்கார்ந்திருந்தாள். போலீஸ்காரர் ஒருவர் எதிரில் முக்காலியில். பள்ளியிலிருந்து ஆசிரியை எதில்மாவும் வந்திருந்தாள்.

"மேல எத்தனை பேர் போனீங்கம்மா?"

"நாங்க ரெண்டு பேர்தான் போனோம். வில்மரும் நானும்."

"அப்புறம்?"

அதற்கு மேல் ஐனோவுக்கு வார்த்தை இல்லை. கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினாள். ஊரார் பூ வைத்து வேண்டிக்கொள்ளும் பலிக்கல்லைத் தாண்டி, பாதை வளைகிற இடத்தில், மழையில் ஊறின ஓரம் பெயர்ந்து போயிருந்தது.

எதில்மா பிற்பாடு அம்மாவிடம் ஆச்சரியப்பட்டாள். "எனக்கு ஒண்ணு புரியல தோஞா ஓபேலியா. அவ ஒரு வாக்கியம் சொன்னா ஒன்பது தப்பு இருக்கும். அன்னைக்குப் போலீஸ்காரர்கிட்ட சொன்ன அந்த ஒரே வாக்கியம் மட்டும் நம்ம ஊர்ல பொறந்தவ மாதிரி வந்துச்சு."

"அதிர்ச்சியில வந்திருக்கும்" என்றாள் அம்மா. அவளுக்கு அப்போது எந்த வாக்கியமும் காதில் ஏறவில்லை.

அப்பாவுக்குத்தான் அது ஒத்துவரவே இல்லை. அவரும் ஒரு காலத்தில் வழிகாட்டியாக இருந்தவர். மகனைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளே அந்த இடத்துக்குப் போய்க் குந்தியிருந்து மண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்.

"வழிகாட்டி முன்னால போவான். எனக்கு அப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க, அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தேன். முன்னால போனா ஓரத்தைக் குச்சியால தட்டிப் பாத்திருப்பான்ல? இந்தப் பொண்ணு வளைவைத் தாண்டி மேல நிக்குது. அவன் அவளுக்குப் பின்னால விழுந்திருக்கான். வந்த விருந்தாளிய முன்னால விட்டுட்டு என் மகன் ஏன் கடைசியில நடந்தான்?"

பதில் ஊரில் இருந்தது. ஊருக்கு எல்லாவற்றுக்கும் பதில் உண்டு. "குடிச்சிருப்பான். தள்ளாடிக்கிட்டே பின்னால வந்திருப்பான்" என்று தண்ணீர்க் குழாயடியில் ஆரம்பித்து மினிபஸ் வரைக்கும் பேசினார்கள். அப்பாவின் குடும்பம் சபைக்குப் போகிற குடும்பம். வீட்டில் ஒரு பாட்டில் கிடையாது. பாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் "இளமையின் பிழைகளை மன்னியும்" என்றபோது, அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு சபைப் பக்கம் அவர் போகவில்லை. மகன் போனதைவிட அந்த ஒரு வரி அவரைச் சாய்த்துவிட்டது.

நினெத் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தாள். குழாயடியில் குடம் நிரம்பி வழிய வழியக் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் தோன்றவும் இல்லை. அம்மா ஒருநாள் குழம்பில் உப்புப் போட மறந்திருந்தாள். எல்லோரும் முகம் சுளித்தார்கள். நினெத் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்தாள். ரொட்டிக்கடையில் அடுப்புத் தகடு பட்டு முழங்கை வெந்தது. பக்கத்தில் நின்றவள் அலறித்தான் அவளுக்குத் தெரிந்தது.

"கல்லாட்டம் நிக்குது பாரு பொண்ணு. அதுதான் இப்ப வீட்டைத் தாங்குது" என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள்.

எல்லோருடைய கவலையும் ஐனோ மேல் இருந்தது. அவள் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பள்ளியில் வேறு வீட்டுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். "இந்த வீடு" என்று மட்டும் சொன்னாள். அம்மா ஒரு முடிவுக்கு வந்தாள்.

"புள்ளைக்குப் பயம் புடிச்சிருக்கு. உசிரு அங்கேயே நின்னுபோச்சு, உடம்பு மட்டும்தான் எறங்கி வந்திருக்கு. பயம் எடுக்குற தோஞா திரான்சித்தோவைக் கூப்பிட்டாத்தான் சரியாகும்."

"பாஸ்டருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரு?" என்றார் அப்பா.

"அவரு சொன்னதெல்லாம் போதும்."

திரான்சித்தோ வந்தாள். ஐனோ உடுத்திக் கழற்றின ஒரு சட்டையை வாங்கிக்கொண்டு, அம்மாவோடும் ஐனோவோடும் மலையேறி, அந்த வளைவில் நின்று, இலைக்கொத்தால் மண்ணை அடித்து அடித்து, "ஐனோ, வா, இங்கேயே இருந்துடாதே, வீட்டுக்குப் போகலாம் வா" என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். சட்டையைச் சுருட்டிக் குழந்தை மாதிரி நெஞ்சில் அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் இறங்கி வந்தார்கள். அன்று ராத்திரி ஐனோ இரண்டு கிண்ணம் கஞ்சி குடித்தாள். அதற்குப் பிறகு அவளுடைய ஸ்பானிஷ் மடை திறந்த மாதிரி வந்தது.

அடுப்பங்கரையில் திரான்சித்தோ கிளம்பும்போது ஒன்று சொன்னாள்.

"உங்க வெள்ளைக்காரப் பொண்ணைக் கூப்பிட்டேன், வந்துட்டா. ஆனா அங்க இன்னும் ஓர் ஆள் உக்காந்திருக்கு, தோஞா ஓபேலியா. ஒதுங்கி, மரத்துக்குப் பின்னாடி. கூப்பிட யாரும் வரலன்னு உக்காந்திருக்கு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "என் மகன்தான். வேற யாரு?"

"செத்தவங்களை நான் கூப்பிடுறதில்ல, தாயி. அது எனக்குத் தெரியாது" என்று திரான்சித்தோ போய்விட்டாள். அம்மா வில்மருக்கு மெழுகுவத்தி ஏற்றினாள். தினமும் ஏற்றினாள். திரான்சித்தோ பேசும்போதே மேஜையின் அந்தப் பக்கத்தில் ஐனோ வாழைப்பழத்தை உரித்தவள் உரித்தபடியே, நினெத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நினெத் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

இப்போது மேட்டுப்பாதையின் பாதியில் நினெத் வலது பக்கம் திரும்பி, பைன் மரங்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சந்துக்குள் நுழைந்தாள்.

அப்பா அவளை எட்டிப் பிடித்திருந்தார். வயதானாலும் மலைக்கால் அது. "இந்தக் குறுக்குவழி உனக்கு எப்படித் தெரியும்?"

"விறகு பொறுக்க வந்தது."

"இவ்வளவு மேல எவளும் விறகு பொறுக்க வரமாட்டா."

"பேசாம வாங்கப்பா. மேகம் ஏறுது."

மலைக்கு அந்தப் பக்கத்தில் குட்டி எரிமலை ஒருமுறை இருமியது. சாம்பல் வாசனை வந்தது. அப்பா தனக்குத்தானே பேசுவது போல ஆரம்பித்தார்.

"அவன் சொல்வான். 'நினெத்துக்கு என்னைவிட நல்லா வழி தெரியும்ப்பா, ஒருநாள் அவளை முன்னால விட்டுப் பாருங்க'ன்னு. நான்தான் ஏசிட்டேன். நம்ம வீட்டுப் பொண்ணு ஊர் பேர் தெரியாத பயலுகளைக் கூட்டிக்கிட்டு மலையேறுறதான்னு. மலைப்பக்கம் உன்னைப் பாத்தா ரெண்டு பேர் காலையும் ஒடிப்பேன்னேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"சிரிச்சுக்கிட்டே போயிட்டான், படுவா."

நினெத்தின் கால்கள் தாமாக நடந்தன. எந்தக் கல் ஆடும், எந்தக் கல் ஆடாது என்று அவற்றுக்கே தெரிந்திருந்தது. ஐனோ ஏன் இன்றைக்கு வந்தாள்? நாளைக்கு அவளுக்கு விமானம். போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவள் பின்லாந்தில் இருப்பாள். இங்கே யாரும் யாரையும் எதுவும் கேட்கப்போவதில்லை. இன்றைக்கு என்கிற ஒரே நாள்தான் பாக்கி இருந்தது. அதை நினைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்ள வேண்டும். அடிக்கவில்லை. பயம் இருக்க வேண்டிய இடம் தெரிந்தது, பயத்தைக் காணோம்.

மேகத்தின் முதல் நுனி மரங்களுக்குள் புகுந்தது. பத்தடிக்கு முன்னால் போகிற பாதை அழிந்தது. அப்பா அவள் ஜாக்கெட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஐனோ!" என்று கூப்பிட்டார். "ஐனோ, மகளே!"

மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. இலைக்கொத்து மண்ணில் படுகிற சத்தம். சளக். சளக். அப்புறம் ஒரு குரல். மேகம் அதை மென்று மென்று துப்பியது, வார்த்தை புரியவில்லை.

நினெத் ஓடினாள். ஜாக்கெட் அப்பாவின் கையை விட்டு விடுபட்டது.

"ஓடாதடி! ஓரம்! ஓரம்!"

பலிக்கல்லில் யாரோ வைத்த பூக்கள் கறுத்துக் கிடந்தன. அதைத் தாண்டினால் வளைவு. பெயர்ந்த ஓரத்தில் இப்போது அப்பா நட்ட முளைகளும் கயிறும் இருந்தன. கயிற்றுக்கு இந்தப் பக்கம், பாதையை விட்டு ஒதுங்கி, ஒரு பெரிய பைன் மரத்தின் அடியில் ஐனோ முழங்கால் போட்டிருந்தாள். ஒரு கையில் இலைக்கொத்து. மடியில் ஒரு நீலக் கம்பளிச் சட்டை.

ஆணியில் இல்லாத சட்டை.

"எழுந்திரு" என்றாள் நினெத். குரல் சன்னமாக வந்தது. "அப்பா பின்னால வர்றாரு. எழுந்திரு ஐனோ. வா, எறங்கலாம். பேச வேண்டாம்."

ஐனோ எழவில்லை. அவளுடைய வெளிறின முடியெல்லாம் ஈரம். நினெத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மறுபடியும் இலைக்கொத்தை ஓங்கி மண்ணை அடித்தாள். திரான்சித்தோவிடம் கேட்டு மனப்பாடம் செய்த வார்த்தைகளை, திரான்சித்தோவின் கிழட்டு ராகத்தோடேயே சொன்னாள்.

"நினெத், வா. இங்கேயே இருந்துடாதே. வீட்டுக்குப் போகலாம் வா, நினெத்."

சளக்.

"நினெத், வா. எழுந்து வா."

மேகத்துக்குள்ளிருந்து அப்பா வந்து நின்றார். மூச்சு வாங்கியது. ஐனோ உயிரோடு இருக்கிறாள் என்று பார்த்ததும் கையைக் கூப்பி வானத்தைப் பார்த்தார். அப்புறம்தான் காதில் விழுந்தது அவருக்கு.

"ஏம்மா... ஏன் இவளைக் கூப்பிடுற? இவதான் இங்க வரவே இல்லியே?"

குட்டி எரிமலை மறுபடியும் இருமியது.

"ஐனோ" என்றாள் நினெத். "வேண்டாம்."

ஐனோ சட்டையைச் சுருட்டினாள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள். நடந்து வந்து அதை நினெத்தின் கைகளில் வைத்தாள். கம்பளி பட்ட இடத்தில் உள்ளங்கை சுரீரென்றது. நினெத் கையைப் பார்த்தாள். செந்தட்டி தடித்த இடமெல்லாம் தீப்பிடித்த மாதிரி எரிந்தது. விரல் நுனியில் ஆரம்பித்து மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி, முழங்கையில் பழைய சூடு பட்ட தழும்பு வரைக்கும் எரிந்தது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சட்டையை விடவில்லை.

"என்னடி? என்ன ஆச்சு?" என்றார் அப்பா. அவளையும் ஐனோவையும் மாறி மாறிப் பார்த்தார். பைன் மரத்தடியைப் பார்த்தார். அங்கேயிருந்து வளைவைப் பார்த்தார். மண்ணைப் படிக்கத் தெரிந்த மனுஷன். "ஐனோ. நீ சொல்லு. அன்னைக்கு மேல எத்தனை பேர் போனீங்க?"

அதே கேள்வி. ஐனோ வாயைத் திறந்தாள். பழைய வாக்கியம் தயாராக இருந்தது, ஒரு பிசிறு இல்லாமல். அன்றைக்கு மலையிறங்குகிற வழி நெடுக, சோளக்காடு கண்ணில் படுகிற வரைக்கும், தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கி, உச்சரிப்புச் சரியாக வரும் வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து ஒருத்தி அவளுக்குப் பழக்கின வாக்கியம்.

அதை ஐனோ விழுங்கினாள்.

"தோன் அபெலினோ. வில்மர் குடிக்கலை. வில்மர் நல்ல வழிகாட்டி" என்றாள். அடுத்ததை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அது தட்டுத் தடுமாறி, தப்பும் தவறுமாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது. "முன்னாடி நினெத். அவ வழி காட்டறது. வில்மர் சொல்றது, இன்னைக்கு என் தங்கச்சி முன்னாடி. நடுவுல நான். கடைசி வில்மர், எங்க ரெண்டு பேரையும் பாத்துக்க. நாங்க ரெண்டு பேர் இல்ல, தோன் அபெலினோ. நாங்க மூணு பேர்."